எதிராளிக்காக ஒரு பேச்சு

“குடை உள்ளை வரேலாது!”

நிலாந்தினி நிமிர்ந்து பார்த்தாள். ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூட மண்டப வாசலில், மழைத்தூறலில் பாதி நனைந்தபடி ஒருவன். பேச்சில் கண்டிப்பு. கண்களோ... சிரிக்கட்டுமா வேண்டாமா என்று யோசிக்கிற கண்கள்!

“ஏன், குடை என்ன பாவம் செய்தது?”

“கட்சிச் சின்னம் போட்டிருக்கு. இது அரசியல் ரசிகர் கூடல். கட்சியை வாசலிலை விட்டிட்டுத்தான் உள்ளை வரவேணும்.”

அப்பாவின் தேர்தல் குடை அது. முறைத்துக்கொண்டே சுவரில் சாத்தினாள்.

கூடல் என்றால் அப்படியொரு கூடல்! ஒரு மூலையில் பழைய சுவரொட்டி சேர்ப்பவர்கள், இன்னொரு மூலையில் விருப்பு வாக்குக் கணக்கைப் பாடமாய் ஒப்புவிப்பவர்கள். அத்தனை பேருக்கும் அரசியல் பைத்தியம். ஆர் எந்தக் கட்சியென்று மட்டும் கேட்கக்கூடாது. கடைசியில் பேச்சு. அவரவர் எதிர்ப்பக்கத்துக்காகத்தான் பேசவேண்டும்.

அவளுக்குச் சோடி வாசல்காரன். கூடலை நடத்திய சறோஜினிதேவி ரீச்சர் மேடையில் முழுப்பெயர் வாசித்தார்.

“குலசிங்கம் ஐங்கரன்.”

அப்பாவைத் தேர்தலில் தோற்கடித்துப் பிரதேச சபைத் தவிசாளர் ஆனவரின் மகனா... இவன்? அந்தத் தோல்விக்குப் பிறகு அப்பா வீட்டை விட்டு வெளிக்கிடுவதேயில்லை. ஒரு வார்த்தை கதைப்பதுமில்லை.

“நிலாந்தினி குலசிங்கத்தாருக்காக, ஐங்கரன் நிலாந்தினியின்ரை அப்பா சிவசிதம்பரத்தாருக்காக,” என்றார் ரீச்சர்.

“என்னாலை ஏலாது,” என்றாள் நிலாந்தினி.

ஐங்கரன்தான் ஒலிவாங்கியை எடுத்தான்.

“சிவசிதம்பரம் ஐயா அனலைதீவுக்குப் பாலம் கட்டித் தருவன் எண்டு ஒரு கூட்டத்திலையும் சொல்லேல்லை. நாங்கள் சொன்னனாங்கள்... வெண்டனாங்கள். அவர் பொய் சொல்லாமல் தோத்தவர். எனக்கு அவரிலை மரியாதை இருக்கு.”

தன் தகப்பனை விட்டுக்கொடுத்தல்லவா பேசுகிறான்! இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் தானொரு மனுசியே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

“எங்கடை தீவிலை அம்மாவுக்கு வருத்தம் கடுமையாகி, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டின அண்டைக்குக் கடல் கொந்தளிப்பு,” என்று தொடங்கினாள். “இஞ்சையிருந்து ஒரு வள்ளமும் வெளிக்கிடேல்லை. குலசிங்கம் மாமாதான் வள்ளக்காரரைக் கெஞ்சி, தானும் ஏறி வந்தவர். அம்மா தப்பேல்லை... ஆனால் அவர் வந்தவர். பிறகு தேர்தலிலை எங்கடை ஆக்கள், அவர் தீவை எட்டியும் பார்க்கேல்லை எண்டு பேசினவை. நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தனான்.”

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கூடல் முடிந்தபோது துறையடியில் அனலைதீவுப் படகு வெளிக்கிட ஆயத்தமாய் நின்றது. நிலாந்தினி ஏறப்போகையில் ஐங்கரன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“அப்பா இதை ஒரு நாளும் எங்களுக்குச் சொல்லேல்லை...”

“எங்கடை வீட்டிலையும் ஒருத்தரும் அதைக் கதைக்கிறேல்லை.”

“நிலாந்தினி... வாசலிலை கண்ட நேரமே உம்மைப் பிடிச்சுப்போச்சு. பெயர் வாசிக்கேக்கை, ஐயோ, எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சனான்.” குரல் தடுமாறியது. “வீட்டை வந்து கலியாணம் கேட்டால் உம்மடை அப்பா திரத்திக் கலைச்சுப்போடுவாரோ?”

அவள் தலையைக் குனிந்தாள். கண்ணீரும் வெட்கமும் ஒன்றாய் வந்து தொலைத்தன.

“தனிய வராதையும். உம்மடை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாரும். மேடையிலை சொன்னதை எங்கடை அப்பாவுக்கு முன்னாலை சொல்லும்; நானும் சொல்லுறன்.”

“அப்பா... அனலைதீவுக்கு, உங்கடை வீட்டுக்கு வருவாரோ தெரியேல்லை.”

“அந்தக் கடலுக்கையே வந்த மனிசன்... மகனுக்குப் பொம்பிளை கேட்டு வரமாட்டாரோ?” அவள் படகில் ஏறிக்கொண்டு திரும்பினாள். “பொம்பிளைக்கும் விருப்பம் எண்டு சொல்லும் அவருக்கு.”