நாலு விரல் ஈரம்

"கட்டமாட்டேங்க்கா. ஒத்த ரூபா கூட கட்டமாட்டேன்," என்றபடிதான் மலிகா உள்ளே நுழைந்தாள்.

துறைமுகத்தில் நனைந்த சரக்கைப் பார்த்து, கப்பலில் நனைந்ததா குடோனில் நனைந்ததா என்று சொல்லும் சர்வேயர் சிலுவையம்மாள். ராயபுரத்தில் அவள் வீட்டுக்கு இப்படி ஒரு வழக்கு வந்தால் எதிர்வீட்டு ஆட்டோக்கார ரஷீதுக்குச் சவாரி மறந்துபோகும். அன்றும் மறந்தது.

தண்டையார்பேட்டை உதயம் வாசகசாலையில் மலிகா எடுத்த தேர்வுப் புத்தகம் நனைந்துவிட்டதாம். இரட்டை விலை கட்டு, இல்லையென்றால் உறுப்பினர் அட்டை ரத்து என்று நோட்டீஸ். அடுத்த மாதம் அரசுத் தேர்வு. எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் பிறந்தவளுக்கு, படிக்க அந்த வாசகசாலை மேசையை விட்டால் வேறு இடமில்லை.

"கட்டிட்டுப் போயேன்மா. படிப்பு முக்கியமில்ல?" என்றான் ரஷீது.

"கட்டுனா நான்தான் பண்ணேன்னு ஆயிடும்ண்ணா. போன மாச மழைக்கு முன்னாடியே காஞ்ச புக்கதான் திருப்பிக் குடுத்தேன். சர்வேயரக் கூட்டியாறேன்னு லைப்ரரியன் சாராண்ட நேத்தே சொல்லிட்டு வந்துட்டேன்."

ரஷீது ஆட்டோவைக் கிளப்பி இருவரையும் வாசகசாலைக்குக் கூட்டிப்போனான்.

நூலகர் பகலவன் ஒழுங்குக்குப் பேர்போனவர். சேதமான ஐந்து புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில், சேதம் செய்தவர் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டோடு ஊரே பார்க்க வைத்திருந்தார். நாலு பேர் கட்டிவிட்டார்கள். ஐந்தாவது மலிகா. ரஷீது சும்மா இருப்பானா? தேர்வு நூல் அடுக்கின் கீழ்த் தட்டைக் குனிந்து துழாவிவிட்டு, விரலில் ஒட்டிய பச்சைப் பெயிண்டைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"தண்ணியில போட்டு எடுத்தாந்திருக்கு," என்றார் பகலவன்.

சிலுவையம்மாள் புத்தகத்தை நிமிர்த்தி வைத்தாள். அடியிலிருந்து நாலு விரல் உயரத்துக்குக் கறை. அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை.

"தண்ணியில வுழுந்த புக்கு முழுசா நனையும் சார். இது நின்னுகினு நனைஞ்சு கீது. ஒரு மூட்ட நனைஞ்சா நாங்க பக்கத்து மூட்டயத்தான் பாப்போம். மத்த நாலையும் குடுங்க."

முதுகில் ஒட்டியிருந்த அடுக்கு எண் வரிசைப்படி ஐந்தையும் மேசையில் நிறுத்தினாள். கறையின் விளிம்பு முதல் புத்தகத்திலிருந்து கடைசிப் புத்தகம் வரை ஒரே கோடாக ஓடியது.

"ஒருத்தர் வள்ளூரு, ஒருத்தர் வியாசர்பாடி. அஞ்சு வூட்லயும் தண்ணி நாலு விரல்தான் நின்னுச்சா? இது உங்க கீழ்த்தட்டுல வரிசையா நின்ன புக்குங்க. ரஷீது, சட்டையக் காட்டு. அடுக்கு பூரா துருப்புடிச்சுக் கெடக்கு, கீழ்த்தட்டுக்கு மட்டும் ஈரம் காயாத பெயிண்ட்டு. இந்தப் பொண்ணு சர்வேயருன்னு சொன்னதும் தண்ணிக் கறைய மறைச்சிருக்கீங்க. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்."

பகலவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மழையன்னிக்குப் பின்கதவ சாத்த மறந்துட்டேன். கமிட்டிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். கடைசியா எடுத்தவங்க பேர்ல எழுதிட்டேன்." எழுந்து மலிகாவின் சீட்டைக் கிழிக்கப் போனார். "உன் அபராதம் ரத்தும்மா. இதோட வுட்டுடு."

மலிகா குறுக்கே கை நீட்டினாள்.

"என் பேர மட்டும் எடுத்தா எப்டி சார்? தப்பே பண்ணாம நாலு பேரு தல குனிஞ்சு கட்டிட்டுப் போயிருக்காங்க. அவங்க காசு திரும்பி வர்ற வரைக்கும் என் பேரும் அங்கயே கெடக்கட்டும்."

கறை படிந்த அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு தன் மேசையில் போய் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். ரஷீதுக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்துவிட்டது. பகலவன் போனை எடுத்து, நாலு பேரில் முதல் ஆளின் எண்ணைத் தேடினார்.