மூத்தாளுக்கு வைக்காத பச்சைச் சேலை

அரிமளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, நாத்தனார் சுகுணாவின் பின்னால் அருணா அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது பட்டப்பகல். இரண்டாம் தாரமாக வாழ வந்த வீடு. கல்யாணம் முடிந்த கையோடு புருஷன் ஆத்மநாதன் துபாய்க்குப் போய்விட்டான்.

கூடத்துச் சுவரில் செத்துப்போன மூத்தாள் செவந்தி, ஊதாச் சேலையில் சிரித்தாள். படத்துக்குப் புது மல்லிகைச் சரம்.

"செவந்தி கொழம்பு வச்சா தம்பி சட்டிய வழிச்சுத் தின்னுருவான்," என்றாள் சுகுணா.

அருணாவுக்கு வயிறு எரிந்தது. செத்தும் பூ வைத்துக்கொண்டு நிற்கிறாளே. பையிலிருந்து தன் புதுப் பச்சைச் சேலையை எடுத்தாள்.

"அத மொதல்ல படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டுட்டுக் கட்டு, ஆத்தா. புதுச் சேலை மூத்தாளுக்குத்தான் மொதல்ல. இல்லாட்டி பொறாமைப்படுவா."

"யார்ட்டயும் கேட்டுட்டுக் கட்ட மாட்டேன் அண்ணி."

சுகுணாவுக்கும் அருணாவின் பழைய கதை தெரியும். அருணா புதுச் சேலை கட்டும்போதெல்லாம், 'எவனுக்குக் காட்ட?' என்று அவளுடைய முதல் புருஷன் முந்தானையைக் கத்தரியால் வெட்டுவான். ஒரு தடவை கத்தரி தோளிலும் இறங்கியது. இனி யாரையும் கேட்டுச் சேலை கட்டுவதில்லை என்பது, அவனை விட்டு வந்த அன்று அவள் செய்துகொண்ட சத்தியம். இந்தப் பச்சை, ஜவுளிக்கடையில் கால் கடுக்க நின்று சம்பாதித்து அவளே எடுத்தது.

அறைக்குள் போய்க் கட்டினாள்.

கொசுவம் நிற்கவில்லை. செருகச் செருக நழுவியது. கதவு சாத்திய அறையில் மல்லிகை வாசம்; அதற்கடியில் ஈர மண் வாடை.

முந்தானையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள்.

தோள் தழும்பு சில்லிட்டது.

"வெட்டணும்னா வெட்டிக்க," என்றாள் அருணா. "ஒங்கிட்டயும் கேக்க மாட்டேன்."

பிடி விட்டது.

மறுநாள் காலை குளித்துவிட்டு நைட்டியோடு வந்து பீரோவைத் திறந்தாள். பச்சைச் சேலையைக் காணோம். அந்த இடத்தில் ஊதாச் சேலை. படத்தில் இருந்த அதே ஊதா.

தொட்டாள்.

இப்போதுதான் உடம்பிலிருந்து அவிழ்த்த மாதிரிச் சூடு.

கூடத்திலிருந்து சுகுணாவின் குரல் வந்தது. "பச்சை ஒனக்கு எடுப்பாத்தான் இருக்கு அருணா. இந்தா, தம்பி வீடியோ கால்ல வாரான். ஏன் அங்கிட்டே பாத்துக்கிட்டு நிக்கிற? திரும்பு."

அருணா இன்னும் நைட்டியோடு பீரோ முன்னால்தான் நின்றாள்.

கூடத்தில் வளையல் சத்தம். பிறகு போனில் ஆத்மநாதனின் குரல்.

"செவந்தி."

அருணாவிடம் அவன் ஒருநாளும் பேசியிராத அவ்வளவு கனிந்த குரல்.