முந்நூற்று அறுபத்திரண்டாம் கொடி

நாளைக் காலை பத்து மணிக்குள் ராஜினாமா செய்யாவிட்டால், திருடி என்று எழுதி வெளியே அனுப்புவோம் என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள். டாக்டர் கமலவேணி அழவில்லை. நேராகப் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு வந்து செல்வாம்பாளின் மாடிப்படி ஏறினார்.

செல்வாம்பாள் முப்பத்துநான்கு வருடம் தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்தவர். ஓய்வுக்குப் பிறகு மொட்டைக் கடுதாசி, போலிப் பத்திரம் என்று வருவதைத் துப்பறிந்து கொடுக்கிறார். கூட இருந்த அறிவுமதி பழைய தபால்காரர். வாய் சும்மா இராது. வந்தவர் உட்காருவதற்குள், "என்னம்மா, யார் மேல சந்தேகம்?" என்று ஆரம்பித்துவிட்டார்.

கமலவேணி சொன்னார். மில் தொழிலாளியின் மகள். இருபத்தாறு வயதில் ஒரு தனியார் அறக்கட்டளையின் தாவரவியல் தோட்டத்தில் விதை எண்ணும் வேலைக்குச் சேர்ந்தார். புயலில் பாதி மரங்கள் சாய்ந்த வருடம் நாற்றங்காலிலேயே குடியிருந்து தோட்டத்தை மறுபடி எழுப்பினார். இயக்குநராகி ஒன்பது வருடம் ஆகிறது. போன வருடம்தான் பாகூர் ஏரிக்கரைக் கொடி ஒன்று உலகத்துக்கே புதிது என்று நிரூபித்து, அதை முதலில் காட்டிய தோட்டத் தொழிலாளி அம்மாவாசையின் பெயரையே அதற்கு வைத்தார். பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டுமே, அவர்களா கண்டுபிடித்தார்கள்?

இப்போது அதே கொடியை உலர்த்தி ஒட்டிய பழைய தாள் ஒன்று, செடி மாதிரிகளைப் பாதுகாக்கும் மாதிரி அறை அலமாரியில் கிடைத்திருக்கிறது. காலஞ்சென்ற பழைய இயக்குநர் கலைவாணன் சேகரித்ததாம்; பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்றுதான் எல்லோரும் அவரை அழைப்பார்கள். டைப் அடித்த சீட்டில், 'எண் 362, பாகூர், 27.4.89, புது இனம்' என்று இருக்கிறது. ஆக, கமலவேணி அதைப் பார்த்து, மறைத்து, கண்டுபிடிப்பைத் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. தாள் பழையது. காய்ந்த கொடியின் வயதைச் சோதிக்க மாதக்கணக்காகும், அதுவரை காத்திருக்க யாருக்கும் மனமில்லை.

"அவரு கைப்பட எழுதின நோட்டுலயும் 362 இருக்குங்க. 'பேர் தெரியாத கொடி, பாகூர்'னு. தேதிகூட அதேதான்," என்று கமலவேணி கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினார். அந்த நிஜ 362ஐப் பூச்சி அரித்ததால் எப்போதோ எறிந்தாயிற்று, ஆனால் அதற்குப் பதிவு எதுவும் இல்லை என்றும் சொன்னார்.

செல்வாம்பாள் படத்தை வெகுநேரம் பார்த்தார். அடுத்த செடிக்கு, அதாவது 363க்கு, என்ன தேதி என்று கேட்டார். இருபத்துமூன்று என்றார் கமலவேணி. வயதானவர், முன்னே பின்னே எழுதியிருப்பார் என்று விட்டுவிட்டாராம்.

"கலைவாணன் எங்க படிச்சாரு?"

"பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல."

மாதிரி அறைச் சாவி வேறு யாரிடம் இருக்கிறது? மூன்று பேரிடம். அறக்கட்டளைத் தலைவர் ராமலிங்கமும் காப்பாளர் சிந்துஜாவும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள். துணை இயக்குநர் விக்ரம் கோயம்புத்தூர்க்காரர். கலைவாணனின் டைப்ரைட்டரும் அதே அறையில்தான் இருக்கிறது.

"நெருப்பில்லாம புகையுமாங்கம்மா?" என்று அறிவுமதி இழுத்தார். செல்வாம்பாள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

"ராஜினாமா எழுதாதீங்க," என்றார் செல்வாம்பாள்.

"கை முறிஞ்சாலும் எழுத மாட்டேன்."

மறுநாள் பத்து மணிக்குத் தோட்டத்துக் கூட்ட அறையில் சாவி வைத்திருந்த மூவரும் இருந்தார்கள். இது என்ன வேடிக்கை என்று ராமலிங்கம் சலித்துக்கொண்டார். செல்வாம்பாள் கலைவாணனின் நோட்டை வாங்கி, வேறொரு பக்கத்தைத் திறந்து வைத்தார். ஒரு காயில் எத்தனை விதை என்று எழுதியிருக்கிறது, ஒவ்வொருவராகப் படித்துத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

ராமலிங்கம் 41 என்று எழுதினார். சிந்துஜாவும் 41. விக்ரம் 47 என்று எழுதியிருந்தார்.

"தபால்ல சேர்ந்த புதுசுல நானும் இப்படித்தான் தடுமாறினேன்," என்றார் செல்வாம்பாள். "பதினோராம் நம்பர் வீட்டுக் கடுதாசி பதினேழுக்குப் போயிடும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க ஒண்ணு போட்டா, மேல நீளமா ஒரு கொக்கி இழுப்பாங்க. பார்க்க ஏழு மாதிரியே இருக்கும். அவங்க ஏழு போட்டா, குழப்பம் வராம இருக்க இடுப்புல ஒரு குறுக்குக்கோடு போடுவாங்க. இந்த நோட்டுல 362க்கு எழுதியிருக்கற தேதியில குறுக்குக்கோடு இல்ல. அது இருபத்தேழு இல்லைங்க, இருபத்தொண்ணு. அதனாலதான் அடுத்த செடி இருபத்துமூணுல வருது."

கமலவேணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அரசுப் பள்ளியில் படித்த அவரும் இருபத்தேழு என்றுதானே படித்தார்!

"கலைவாணன் தன் கையெழுத்தத் தானே தப்பாப் படிச்சு டைப் அடிப்பாரா? நோட்டப் பார்த்து வேற ஒருத்தர் அடிச்ச சீட்டு அது. சாவி வெச்சிருக்கற உங்க மூணு பேருல ரெண்டு பேரு அந்தத் தப்பப் பண்ணவே முடியாது."

ஒரு எண்ணைத் தப்பாகப் படித்தால் குற்றமா என்று விக்ரம் எகிறினார். செல்வாம்பாள் அந்த டைப் சீட்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். அதைப் பார்த்ததும் அவர் உடைந்துபோனார். ஒன்பது வருடம் இந்த அம்மாளுக்குக் கீழேயே கிடந்தேன், தண்ணீர் பாய்ச்சுகிறவன் பெயருக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைத்ததா என்று கொட்டித் தீர்த்துவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

ராமலிங்கம் தொண்டையைச் செருமினார். தோட்டத்துக்குக் கெட்ட பெயர் வேண்டாம், விக்ரம் உடம்பு சரியில்லை என்று விலகிக்கொள்ளட்டும், விஷயம் இந்த நாலு சுவருக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். "பெரிய மனசு பண்ணுங்கம்மா."

கமலவேணி நாற்காலியை மேசையை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் உயரவில்லை.

"முப்பத்திரண்டு வருஷமா அதத்தான் பண்ணிட்டிருக்கேன். என்னைத் திருடின்னு சொல்ல உங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகல. இப்ப யாரு, என்ன பண்ணாங்கன்னு எழுதி எல்லா உறுப்பினருக்கும் அனுப்புங்க. அதுவரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்."

ராமலிங்கம் சிந்துஜாவைப் பார்த்தார். சிந்துஜா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் தள்ளினார். வேறு வழியில்லாமல் தலைவர் எழுத ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் ஐந்து வரி எழுதி நீட்டினார்.

கமலவேணி கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, தாளைத் திருப்பி அவர் பக்கமே வைத்தார்.

"மூணாவது வரியில 'தவறுதலாக'ன்னு இருக்கு. அத அடிச்சிடுங்க."

ராமலிங்கம் அடித்தார்.