கழித்தால் மிஞ்சுவது

இன்றைய படத்திலிருந்து நேற்றையதைக் கழித்தால் வெறும் கறுப்புதான் மிஞ்ச வேண்டும். மார்வென்னாவின் திரையில் ஒரு வெள்ளைப் பிறை மிஞ்சியிருந்தது.

அந்த மென்பொருள் வானத்துக்காக எழுதப்பட்டது. மலையுச்சித் தொலைநோக்கி ஒன்று இரவுதோறும் வானத்தைப் படம்பிடிக்க, நகர்ந்தது எதுவோ அதை மட்டும் இது காட்டிக்கொடுக்கும். மான்செஸ்டர் ஆய்வகத்தில் அதைக் கண்ணாடித் தட்டுகளின் பக்கம் திருப்பிவிட்டவன் அலிஸ்டர். தட்டுகளில் இருந்தவை, இறந்துபோன ஒரு பையனின் ரத்தத்திலிருந்து படித்தெடுத்து, எழுத்தெழுத்தாகக் கோத்த செயற்கை டிஎன்ஏவை ஏற்றிய செல்கள்.

"என்ன, புது நட்சத்திரமா?" என்றான் அவன்.

"செல்லு நகர்ந்திருக்குடா. சாம்பிள் எடுக்க ஊசி இறங்குற பக்கத்தை விட்டுத் தள்ளி."

அலிஸ்டர் கோட்டை மாட்டிக்கொண்டே குரலை மூக்கால் இழுத்தான். "அதுக்கு வலிக்குமா, கண்ணு?"

அந்தக் குரல் மார்வென்னாவின் தயாரிப்பு. பையனின் அம்மா மிஸஸ் லம்லி, சம்மதக் கையெழுத்துக்கு முன் கேட்டது அந்த ஒரே கேள்விதான். "வெறும் எழுத்துதாங்க, வலிக்காது" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்ன மார்வென்னா, அன்று மதியமே கேன்டீனில் அதை நடித்துக் காட்டினாள். நல்ல வரவேற்பு; அவளும் வாயைப் பொத்தி, தோள் குலுங்கச் சிரித்தாள். மறுநாளும் நடித்தாள்.

"அசைஞ்சா விதி தெரியும்ல?" என்றான் அலிஸ்டர், கதவருகே. "வேலையை நிறுத்தணும். அந்தம்மாகிட்ட நேர்ல போய்ச் சொல்லணும்."

"தெரியும். நீ கிளம்பு."

அவன் போனதும் ப்ளீச் பாட்டிலை எடுத்தாள். மிஸஸ் லம்லியின் முகத்தைப் பார்ப்பதைவிட எல்லாத் தட்டையும் அழித்துவிடுவது சுலபம்.

இன்குபேட்டரைத் திறந்தபோது, காய்ச்சல்காரக் குழந்தையின் தலையணையிலிருந்து வருவதுபோல் வெதுவெதுப்பான புளித்த மூச்சு ஒன்று அவள் முகத்தில் பட்டு, கழுத்துக்குள் இறங்கியது; உள்ளே மின்விசிறி முனகிக்கொண்டேயிருந்தது. முதல் தட்டின் மேல் பாட்டிலைச் சாய்த்தாள். இளஞ்சிவப்புத் திரவத்துக்கு அடியில் வெண்படலம் மெல்ல விலகியது. இப்போது கழித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாவது தட்டிலும். மூன்றாவதிலும். எல்லாம் பின்சுவரோரம், ஒன்றையொன்று ஒட்டி, ஒடுங்கி.

கடைசித் தட்டு ஒதுங்கவில்லை.

அது ஒப்பீட்டுக்காக வைத்தது. அவளுடைய தோலிலிருந்தே எடுத்தது.

திரவத்தில் சிற்றலை. நின்றது. மறுபடி.

மின்விசிறியை அணைத்தாள். நிசப்தம்.

மறுபடி.

கேன்டீனில் அவள் சிரித்ததுபோலவே, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அது சிரித்துக்கொண்டிருந்தது.