ஐந்தடிக் குழி

2023 ஒக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கிளிநொச்சி நகரில், ஏ-9 வீதியோரம் எழும்பிக்கொண்டிருந்த ஆறு மாடி அலுவலகக் கட்டடத்தின் லிப்ட் குழி, வரைபடத்தின்படி ஐந்து அடி ஆழம்.

அந்த வரைபடத்தைக் கீறியவள் தாட்சாயினி. குழிக்குள் இறங்கியிருந்தவன் அவளுடைய கணவன் நிருஷன், லிப்ட் பொருத்துபவன், ஆறடி உயரம். நிமிர்ந்து நின்றால் அவனுடைய தலை தரைக்கு மேலே தெரியவேண்டும். விளிம்பில் நின்ற தாட்சாயினிக்குத் தெரியவில்லை.

"குந்திக்கொண்டோ இருக்கிறியள்?"

"நிக்கிறன். நெட்டையன் எண்டு நக்கலடிப்பாய், இப்ப சந்தோசமோ?"

சிரித்தபடியே அளவுநாடாவை இறக்கினாள். ஐந்து. எட்டு. பதினொன்று. நாடா எதிலும் முட்டவில்லை. புதுச் சீமெந்து மணக்கவேண்டிய இடத்திலிருந்து, மழையில் ஊறிய மண்மூட்டையும் பச்சைப் பனங்குற்றியும் பல நாள் மாற்றாத உடுப்பும் கலந்த நெடி, பதினெட்டு வயதில் அவள் மாதக்கணக்காக மூச்சில் இழுத்த அதே நெடி, மெதுவாக, ஈரத்தோடு, முகத்துக்கு ஏறி வந்தது.

"இஞ்சாருங்கோ, ஏறி வாங்கோ."

"பொறு. மூலையிலை திரும்பினா இடம் இருக்கு." குரல் தூரத்திலிருந்து வந்தது.

அவள் கீறியது நேரான பெட்டி. அதில் திரும்ப மூலை இல்லை. திரும்புவது பங்கர், போரில் சனம் ஒளிந்திருந்த பதுங்குகுழி; ஷெல் சிதறல் நேரே உள்ளே வராதபடி அதைத்தான் 'எல்' வடிவத்தில் வெட்டுவார்கள்.

உள்ளே ஒரு பிள்ளை இருமியது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

"கும்பிட்டுக் கேக்கிறன், ஏறுங்கோ."

"ஆக்கள் இருக்கினம், தாட்சா. வெளியிலை போகவேண்டாமாம்."

அப்போது ஆறாம் மாடிக்கு மேலே, இன்னும் மூடாத லிப்ட் கூட்டின் வாயில் ஓர் இரைச்சல் தொடங்கியது. காற்று, என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அது வட்டம் போட்டது. சனம் 'வண்டு' என்று பெயர் வைத்த வேவு விமானம் அப்படித்தான் இரையும். வண்டு வந்தால் பின்னாலேயே ஷெல் வரும்.

அவனை மேலே இழுக்கவேண்டும். ஓடிப்போய் வேலையாட்களைக் கூப்பிடவேண்டும். இரண்டும் தெரிந்திருந்தது.

"வண்டு சுத்துது. கெதியா இறங்கு."

நிருஷனின் குரல் அல்ல. பல குரல்கள்.

யோசிக்குமுன் அவளுடைய கால் குழிக்குள் இறங்கும் ஏணியில் இருந்தது. அந்த இரைச்சலுக்கு அவளுடைய உடம்பு அறிந்த திசை ஒன்றுதான்.

ஒரு படி. இன்னொன்று. கீழிருந்து ஒரு கை கணுக்காலைப் பிடித்து அடுத்த படியில் வைத்தது. பிறகு வேறொரு கை. குளிர்ந்த, பழகிய கைகள். எதுவும் அவனுடையதல்ல.

அண்ணாந்து பார்த்தாள். மேலே எந்த முகமும் இல்லை. பனங்குற்றிகள் மட்டும் ஒவ்வொன்றாகக் குழியின் வாய்க்குக் குறுக்கே வந்து விழுந்தன. வெளிச்சம் ஒரு சாண். ஒரு விரல். கடைசியில் ஒரு மண்மூட்டை. குழி மூடப்பட்டது.