புதைகுழிக் காவல்

எல்லா மண்மேடுகளின் மேலும் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. தச்சன் கேப்ரியலைப் புதைத்த மேட்டில் மட்டும் இல்லை. டாம்சின் குனிந்து கையை வைத்தாள். முந்தாநாள் மூடிய குழி. மண் பொலபொலவென்று உள்ளே இறங்கியது. தோள்வரை விட்டுத் துழாவியும் விரலில் எதுவும் தட்டுப்படவில்லை.

அடுத்த குழி அவள் கணவன் ஹம்ஃப்ரியுடையது. நேற்றுத்தான் புதைத்திருந்தாள்.

வர்ஜீனியாவின் அந்த மரக்கோட்டைக்குள் குதிரைகள் தீர்ந்து, நாய்கள் தீர்ந்து, எலிகளும் தீர்ந்துபோய், அங்கே குடியேறியவர்கள் செருப்புத் தோலை வேகவைத்துச் சப்பிக்கொண்டிருந்தார்கள். வெளியே கால் வைத்தால் அந்த மண்ணுக்குரியவர்களின் அம்பு வந்து தைத்தது. இங்கிலாந்திலிருந்து உணவோடு வரவேண்டிய கப்பலைப் பற்றிய பேச்சுகூட நின்றுவிட்டது.

டாம்சின் மண்வெட்டியோடு கணவனின் மேட்டின் மீதே உட்கார்ந்துவிட்டாள். ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி வேலியைத் தாண்டி வந்து குடிசைகளை ஒவ்வொன்றாக மறைக்க, ஈரமரமும் சேறும் கலந்த நாற்றத்துக்குள்ளிருந்து யாரோ இருமுவதும், கதவு ஒன்று மெல்லத் திறப்பதும், உறைந்த புல்லை மிதித்து வரும் காலடிகள் நிற்பதும் மறுபடி நகர்வதுமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதலில் தெரிந்தவன் பீப்பாய் செய்யும் சில்வெஸ்டர். அவள் கல்யாணத்தில் குடித்துவிட்டு ஆடியவன். பின்னால் அவன் மனைவி உர்சுலா, தண்ணீர் நிறைந்த சட்டியோடு. அவளுக்குப் பின்னால் மற்றவர்கள், சுள்ளிகளோடு. யாரும் டாம்சின் முகத்தைப் பார்க்கவில்லை. மண்ணையே பார்த்தார்கள்.

"எந்திரு தங்கச்சி," என்றான் சில்வெஸ்டர். "அவனுக்கு இனிமே ஒண்ணும் வலிக்காது. நமக்குத்தான் வலிக்குது."

"கிட்ட வராதீங்கண்ணே."

வந்தான். மண்டியிட்டான். இரண்டு கைகளாலும் மண்ணைப் பறித்தான்.

டாம்சின் வெட்டினாள். கழுத்தில். எலும்பு நொறுங்கியது. மறுபடி. சூடான ரத்தம் அவள் முகமெங்கும் அடித்தது. மறுபடி. அவன் கால்கள் உதறின. நின்றன.

அலறுவார்கள், தன்னைத் தூக்கில் போடுவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் அலறவில்லை. உர்சுலா குனிந்து புருஷனின் கண்களை மூடினாள். பிறகு அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக. நிதானமாக.

"உன் வீட்டுக்காரரை இனி யாரும் தொட மாட்டாங்க," என்றாள், தலையைத் தூக்காமலே. "வந்து உக்காரு. மொத பங்கு உனக்குத்தான்."

யாரோ சுள்ளியைப் பற்றவைத்தார்கள். சட்டியைச் சுற்றி எல்லோரும் நெருங்கி அமர்ந்தார்கள். ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

டாம்சின் உதட்டை நக்கினாள். உப்பாக இருந்தது.

போய் உட்கார்ந்தாள்.