விழித்தோர்: இரண்டு

பிற்பகல் இரண்டு மணிக்கு நாற்பது பெண்களும் பாயில் படுத்தார்கள். ஒவ்வொருவர் தலையிலும் வெள்ளி நாடாவைப் போல ஒரு நெற்றிவளை. கடற்காற்று சன்னல் திரைகளை மெல்ல ஊதிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் அவர்களுடைய கனவுக்குள் கனவாசான் வந்து, செவிலியர் படிப்பின் கடைசிப் பாடமான தீக்காயப் பராமரிப்பைத் தேர்வுக்காக மறுபடி நடத்தவேண்டும்.

மூன்று மணிக்கு எழுந்த இசக்கியம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"அக்கா, இன்னைக்கு ஆசான் வரல. எங்க அத்தைதான் வந்தா. இன்னும் ஏன் கல்யாணத்துக்குச் சம்மதிக்கலன்னு ஏசிட்டுப் போறா."

துயில்கூடத்தின் கண்காணிப்பாளரான ஜெபக்கனி வளைகளைச் சோதித்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. கனவுப்பாடத்தைக் கொண்டுவரும் கம்பி கடலுக்கடியில் அறுந்துவிட்டதென்றும், சரிசெய்ய ஐந்து நாளாகுமென்றும் மாலையில் செய்தி வந்தது. ஆறாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் செய்முறைத் தேர்வு. அதில் தவறினால் நாற்பது பேருக்கும் ஒரு வருடம் போய்விடும்.

"வளையப் போட்டுக்கிட்டுச் சும்மா தூங்கட்டும் கனி. பாட நேரம் கணக்குல தானா ஏறிடும்," என்றார் முதல்வர் சிஸ்டர் அமலோற்பவம்.

"நேரம் ஏறும் சிஸ்டர். வார்டுல போய் நின்னு என்ன செய்வாங்க?"

ஜெபக்கனி பாடம் நடத்துகிறவள் அல்ல. பாய் விரிப்பதும், வளை மாட்டுவதும், யாரும் கெட்ட கனவு கண்டு எழுந்துவிடக்கூடாதென்று ஓரமாக உட்கார்ந்து ஜெபிப்பதுமே பதினொரு வருடமாக அவள் வேலை. ஜெபம் வீண்போகவில்லை. பதிவேட்டில் 'விழித்தோர்' என்ற கட்டத்தில் இதுவரை சுழியைத் தவிர வேறு எதையும் அவள் எழுதியதில்லை.

மறுநாள் அவர்களை வட்டமாக உட்காரவைத்தாள். வருகைப் பதிவுக்காக வளைகள் தலையிலேயே இருந்தன.

"போன மாசம் கனவுல பாத்ததை ஒவ்வொருத்தியா சொல்லுங்க. மத்தவ கேளுங்க."

அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. கனவுப்பாடம் மனதில் படியும்வரை பேசக்கூடாது என்பது விதி. எழுந்ததும் வாய் திறவாமல் சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுவார்கள். மூன்று வருடத்தில் ஒருத்தி பாடத்தை இன்னொருத்தி கேட்டதே இல்லை.

இசக்கி தொடங்கினாள். தண்ணீர் ஊற்றுவது, மருந்து பூசுவது, துணி சுற்றுவது என்று அழகாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"ஏட்டி, கருகின தோலை எடுக்கதை விட்டுட்ட," என்றாள் செய்யதம்மாள்.

"தோலா? என் கனவுல அப்படி எதுவும் வரலையே."

"எனக்கு வந்துச்சு. கத்தரி பிடிக்க விதம்கூட ஆசான் காட்டுனாரு."

"அப்போ அந்தப் பிள்ளை அலறுச்சே, அதையும் பாத்தியா?" என்று மூலையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

செய்யதம்மாள் விழித்தாள். "பிள்ளையா? எனக்கு ஒரு பெரிய ஆளுல்லா. சத்தமே போடல."

ஜெபக்கனிக்கு அப்போதுதான் புரிந்தது. பயந்தால் தூக்கம் கலையும், கலைந்தால் பாடம் நின்றுவிடும். அதனால் நெற்றிவளை ஒவ்வொருத்தியின் பயத்தையும் கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் சத்தமில்லாமல் கத்தரித்திருக்கிறது. இசக்கிக்குத் தோல் இல்லை. செய்யதம்மாளுக்கு அழுகிற பிள்ளை இல்லை. நாற்பது பேருக்கும் நாற்பது ஓட்டை. அவள் பெருமையோடு எழுதிவந்த சுழிகள் அந்த ஓட்டைகள்தான்.

ஆனால் ஒருத்தியிடம் இல்லாதது இன்னொருத்தியிடம் இருந்தது.

ஐந்து நாளும் பேசினார்கள். தோலைப் பற்றிக் கேட்டபோது இசக்கிக்குத் தலை சுற்றியது. செய்யதம்மாள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் அலறலைப் பற்றிக் கேட்டபோது செய்யதம்மாள் அழுதாள். அப்போது பிடித்தது இசக்கியின் கை.

"எங்க அத்தை ஏசுறதை விடவாட்டி அது பெரிசு? அழாத."

ஆறாம் நாள் வார்டில் யாரும் மயங்கி விழவில்லை. நாற்பது பேரும் தேறினார்கள். ஜெபக்கனி கோயிலுக்குப் போய், அறுந்த கம்பிக்காகவே ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

அடுத்த வருடம் அந்தப் பாடத்துக்கான நாள் வந்தபோது, "கனி, நம்ம பிள்ளைங்களால நாட்டுக்கே நன்மை," என்று மகிழ்ச்சியோடு வந்தார் சிஸ்டர். அந்த ஐந்து நாள் பேச்சையும் வளைகள் பதிந்து வைத்திருந்தனவாம். அதிலிருந்து 'தோழமைப் பாடம்' என்று புதிய கனவு ஒன்று செய்து எல்லாக் கல்லூரிக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டு மணிக்குப் புதிய நாற்பது பெண்கள் படுத்தார்கள். ஒருவர் கனவு மற்றவர் வளையில் கலக்காதிருக்க, பாய்களுக்கு நடுவே ஒரு கை நீள இடைவெளி. அத்தனை முகத்திலும் புன்னகை. ஒவ்வொருத்தியும் ஒரு வட்டத்தில் உட்கார்ந்திருப்பதாக, யாரோ தன் கையைப் பிடித்திருப்பதாகத் தனித்தனியே கனவு கண்டுகொண்டிருந்தாள். எத்தனை அழகான கூடம் என்று ஒரு கணம் ஜெபக்கனிக்கும் தோன்றியது.

மூன்றாவது பாயில் கிடந்த பெண்ணின் கை மெல்ல அசைந்தது. தரையை இப்படியும் அப்படியும் தடவியது. ஒன்றும் அகப்படாமல் வெறும் சிமெண்டின்மேல் விரல்கள் மடங்கின. முகத்தில் புன்னகை மட்டும் அப்படியே இருந்தது.

ஜெபக்கனி எழுந்தாள். நான்காவது பாயின் நுனியைப் பிடித்து இழுத்து மூன்றாவதோடு ஒட்டவைத்தாள். அந்தக் கையை எடுத்துப் பக்கத்துக் கையில் வைத்தாள். இரண்டு வளைகளிலும் பாடம் ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்கு அணைந்தது.

இரண்டு பெண்களும் கண் திறந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அக்கா, பாடம் பாதியில நின்னுட்டு," என்றாள் ஒருத்தி.

"தெரியும்மா. எது வரைக்கும் வந்துச்சு உனக்கு? மெதுவா இவகிட்ட சொல்லு."

பதிவேட்டைத் திறந்து, விழித்தோர் கட்டத்தில் இரண்டு என்று எழுதினாள். பிறகு பேனாவை மூடாமலே வைத்துவிட்டு, ஐந்தாவது பாயின் நுனியைப் பிடிக்கக் குனிந்தாள்.